தணிந்த குரல்: பி.பி.ஸ்ரீநிவாஸோடு ஒரு செப்டம்பர்

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

தில்லைநகரில் சொந்தக்காரப் பையனின் கல்யாண வரவேற்பு. மேடை ஓரத்தில் மெல்லிசைக் குழு. 'காலங்களில் அவள் வசந்தம்' பாடச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்தேன். பாடிய தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நல்ல குரல், சுருதி துளியும் விலகவில்லை. ஆனால் பந்தி நடக்கும் இடம் வரை கேட்க வேண்டும் என்பதுபோல முழு மூச்சில் பாடினார்.

முடிந்ததும் போய்க் கைகொடுத்துப் பாராட்டினேன். "தம்பி, இதையே பாதி சத்தத்தில் பாடிப் பாருங்களேன்" என்றேன். "எடுபடாது சார், எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்களே" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு. ஆனால் 1961இல் இந்தப் பாட்டோடு 'பாவ மன்னிப்பு' வந்தபோது கொட்டகையில் மட்டும் யார் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள்? படத்தில் இதைப் பாடிய பி.பி.ஸ்ரீநிவாஸ் (பி.பி.எஸ்.) அதற்காகக் குரலை உயர்த்தவில்லை. கூட்டம்தான் பேச்சை நிறுத்தியிருக்கும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தத் தம்பி சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

கிட்டப்பாவும் தியாகராஜ பாகவதரும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை ஆளுக்கும் கேட்க வேண்டுமென்றால் உச்ச சுருதியில் எடுத்தால்தான் முடியும். ரசிகர்களும் எத்தனை கட்டையில், அதாவது எவ்வளவு உயர்ந்த சுருதியில் பாடுகிறார் என்றுதான் பெருமை பேசினார்கள். பின்னணி பாடுவது வழக்கமான பிறகும் அந்த மேடைக் கணீர் ரொம்ப நாள் சினிமாவில் இருந்தது. மைக் வந்த பிறகு அது தேவையே இல்லை. மூச்சு விடுகிற சத்தத்தைக்கூட அது பிடித்துக்கொள்ளும். அந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திப் பாடியவர்கள் நம்மிடம் சிலர்தான். ஏ.எம்.ராஜா முதலில் வருவார். அவருக்கு அடுத்து பி.பி.எஸ். ஜெமினி கணேசனுக்கு ராஜா குரல் போய் இவர் குரல் வந்தபோது யாருக்கும் உறுத்தவில்லை என்றால், இரண்டு பேரும் அந்த மென்மைக்குள்ளேயே நின்றதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று 'பொன் ஒன்று கண்டேன்'. 'படித்தால் மட்டும் போதுமா', 1962. சிவாஜிக்கு டி.எம்.சௌந்தரராஜன் (டி.எம்.எஸ்.), பாலாஜிக்கு பி.பி.எஸ். இருவரும் மாறி மாறிப் பாடுவது. டி.எம்.எஸ். குரல் நெஞ்சிலிருந்து திரண்டு வருகிறது. அவர் வரி முடித்த இடத்தில் பி.பி.எஸ். எடுக்கும்போது, பக்கத்தில் ஒரு பெரிய குரல் இப்போதுதான் ஒலித்தது என்ற கவலையே அவருக்கு இல்லை. போட்டி போடவில்லை, பின்வாங்கவும் இல்லை. தன் அளவில் அப்படியே நிற்கிறார். ஹெட்போன் போட்டுக் கேட்டால், மெல்லின எழுத்துகளில் அவர் குரல் ஒரு நொடி தங்கி அப்புறம்தான் நகர்கிறது என்பது தெரியும். 'கண்டேன்' என்ற சொல்லில் அந்த 'ண்'ணை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்களும் பாடகர்களும் ஒன்றாக இருந்துதான் ஒலிப்பதிவு நடக்கும். ஒருத்தர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. வரியை வெட்டி ஒட்டித் திருத்துகிற வசதி கிடையாது. அப்படி ஒரு நெருக்கடியில் குரலில் பதற்றமே இல்லாமல் பாடியிருக்கிறார்கள் இரண்டு பேரும்.

டி.எம்.எஸ்.ஸா பி.பி.எஸ்.ஸா என்று இன்னமும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. இந்தப் பாட்டைக் கேட்ட பிறகு எனக்கு அதில் அர்த்தம் தெரியவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஸ்ரீரங்கம் போயிருந்தேன். ராஜகோபுரம் தாண்டி நடக்கும்போது அந்த ஊரில் வளர்ந்த கவிஞர் வாலி ஞாபகம் வந்தது, அவர் ஞாபகத்தோடு 'மயக்கமா கலக்கமா'.

வாலியே பல மேடைகளில் சொன்ன கதைதான். சென்னையில் பாட்டு எழுத வாய்ப்பு தேடி அலைந்து சலித்து, போதும் ஊருக்கே போய்விடலாம் என்று இருந்த நேரம். நண்பர் பி.பி.எஸ். பார்க்க வருகிறார். இப்போதுதான் 'சுமைதாங்கி'க்கு ஒரு பாட்டுப் பாடிவிட்டு வருகிறேன் என்று அதைப் பாடிக் காட்டுகிறார். கண்ணதாசன் எழுத்து, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. கேட்டு முடித்த வாலி கிளம்புகிற எண்ணத்தை விட்டுவிட்டார். அது 1962. அடுத்த வருஷமே 'கற்பகம்' வந்தது, வாலி பேர் ஊரெல்லாம் தெரிந்தது.

பெரும்பாலும் இந்தக் கதையில் கண்ணதாசனின் வரிகளைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். உனக்கும் கீழே இருப்பவர்களை நினைத்துப் பார் என்கிற வரி பெரிய வரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே வார்த்தைகளை ஒருவர் புத்திமதி சொல்லும் தொனியில் பாடியிருந்தால் வாலிக்குக் கோபம்தான் வந்திருக்கும். நொந்துபோனவனிடம் யார் உபதேசம் செய்தாலும் ஏறாது. பி.பி.எஸ். அந்தக் கேள்விகளைத் தன்னையே கேட்டுக்கொள்கிற மாதிரி பாடுகிறார். 'மயக்கமா' என்று கேட்கும்போது பதில் வர வேண்டும் என்ற அவசரம் இல்லை. வாலி கேட்டது வாத்தியம் எதுவும் இல்லாத வெறும் குரல். சினிமாவில் நாம் கேட்பதைவிட அது நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

என் சின்ன வயதில் திருச்சி வானொலியிலும் இலங்கை வானொலியிலும் இந்தப் பாட்டு வந்தால் அப்பா ரேடியோ சத்தத்தைக் குறைப்பார். கூட்டமாட்டார். மற்ற பாட்டுகளுக்கு அவர் அப்படிச் செய்ததில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

யூடியூபில் பி.பி.எஸ். பாட்டு ஒன்றின் 'நவீனப்படுத்திய' வடிவம் கேட்டேன். அடியில் டிரம் அடி சேர்த்திருக்கிறார்கள். பாதியில் நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

கீழ் வீட்டில் குடியிருப்பவர் மைசூர்க்காரர். பி.பி.எஸ். பாட்டு மாடியிலிருந்து கேட்கிறதே என்று மேலே வந்துவிட்டார். "சார், இவர் எங்க ராஜ்குமார் குரல்" என்றார். உண்மைதான். 'பக்த கனகதாசா' 1960இல் வந்தது, 'கஸ்தூரி நிவாசா' 1971இல். அந்தக் காலம் முழுக்கக் கன்னடத்தில் ராஜ்குமார் வாயசைத்தால் கேட்பது பெரும்பாலும் பி.பி.எஸ். தான். 1974க்குப் பிறகு ராஜ்குமார் தானே பாடத் தொடங்கினார். பி.பி.எஸ். காக்கிநாடாவில் பிறந்தவர், சென்னையில் வாழ்ந்தவர், கன்னடர்களுக்குச் சொந்தமாகிப்போனவர். 'ஆடிசி நோடு' பாட்டை மைசூர்க்காரர் போனில் போட்டுக் காட்டினார். மொழி அரைகுறையாகத்தான் புரிந்தது, ஆனால் வரிகளின் ஓரத்தில் அதே நிதானம். காபி குடித்து ராத்திரி பத்து வரை பேசிக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று பி.பி.எஸ். பிறந்த நாள். 1930.

'ராமு' படத்தின் 'நிலவே என்னிடம் நெருங்காதே' கேட்டேன். 1966, எம்.எஸ்.விஸ்வநாதன் ராமமூர்த்தியைப் பிரிந்து தனியாக இசையமைத்த காலம். பாகேஸ்ரீ ராகம். தன்னை நெருங்கி வருகிறவளை வேண்டாம் என்று சொல்கிற பாட்டு. வேண்டாம் என்பதில் கடுமை வந்தால் அந்த மனிதனே கெட்டவனாகிவிடுவான். 'நெருங்காதே' என்று பி.பி.எஸ். சொல்லும்போது அது தடையாகவும் இருக்கிறது, மன்னிப்புக் கேட்பதாகவும் இருக்கிறது. அந்தக் குழைவை ஸ்வரம் எழுதி வாங்க முடியாது.

சென்னையில் இருந்த வருஷங்களில் கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் அவரைப் பார்த்திருக்கிறேன். தலைப்பாகை, சட்டைப்பையில் வண்ண வண்ணப் பேனாக்கள், மேஜையில் காகிதம். பல மொழிகளில் கவிதை எழுதுவார். கிட்டே போய்ப் பேசத் துணிவு வரவில்லை. 2008இல் அந்த ஓட்டலை மூடினார்கள். இப்போது அது செம்மொழிப் பூங்கா.

2013 கொடுமையான வருஷம். ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு அன்று பி.பி.எஸ்., மூன்று நாளில் ராமமூர்த்தி, மே 25இல் டி.எம்.எஸ்., ஜூலை 18இல் வாலி என்று வரிசையாகப் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மைசூர்க்காரருக்கு 'பெம்மானே' தெரியாதாம். 2010இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்', ஜி.வி.பிரகாஷ் இசை, பாம்பே ஜெயஸ்ரீயோடு பி.பி.எஸ். அவருக்கு அப்போது எழுபத்தொன்பது. வயது குரலில் தெரிகிறது, அதை மறைக்க அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை. நாடிழந்த சோழக் கூட்டத்தின் புலம்பலுக்கு அந்த நடுக்கம் பொருந்திவிட்டது. கதறவில்லை. இறைவனிடம் முறையிடும்போதும் அவர் குரல் தணிந்துதான் இருக்கிறது. மைசூர்க்காரர் இரண்டாம் தடவை போடச் சொன்னார். வெள்ளிக்கிழமை சுசீலாவோடும் ஜானகியோடும் பி.பி.எஸ். பாடிய ஜோடிப் பாட்டுகளை எடுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். 'இந்த மன்றத்தில் ஓடி வரும்' முதலில்.