கோபம் எந்தப் பக்கம் பாய்கிறது

இலங்கை மலையகத்துச் சபைகளில் கோபத்தைப் பற்றிப் பிரசங்கம் என்றால் வசனம் அநேகமாக எபேசியர் 4:26தான். "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." நல்ல வசனம். ஆனால் பொழுது சாய்வதற்குள் என்று வேதம் வைக்கும் கெடு இன்னொன்றும் உண்டு, உபாகமம் 24:15இல். கூலிக்காரன் வேலை செய்த அன்றே, பொழுது போகுமுன்னே, அவன் கூலியைக் கொடுத்துவிடு. கொடுக்காவிட்டால் அவன் கர்த்தரிடம் முறையிடுவான், அது உனக்குப் பாவமாகும். முதல் கெடு எல்லாருக்கும். இரண்டாவது, கூலி கொடுக்கிறவனுக்கு. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நின்று பழகிய தோட்டச் சனத்துக்கு முதலாவதை மட்டும் வாசித்துக் காட்டினால், கோபமே பாவம், வாயை மூடிக்கொண்டிருப்பதே பக்தி என்றுதான் அது போய்ச் சேரும்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1854இல் தோட்டத் தமிழருக்குச் சுவிசேஷம் சொல்லத் தமிழ்க் கூலி மிஷன் ஆரம்பமானபோது தோட்டத் துரைமாரின் பணமும் ஆதரவும் அதற்குக் கிடைத்தன. துரையின் தயவில் நிற்கிற கோயிலில் யாக்கோபு 5:4ஐச் சத்தமாக வாசிப்பது லேசுப்பட்ட காரியமா? அநியாயமாய்ப் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிற வசனம் அது. வேறு விதமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். கண்டியில் 1972இல் சத்யோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்ட மக்களின் உரிமையை விசுவாசத்தோடு சேர்த்தே பேசினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கூலிக்காரனுக்கு இழைக்கும் அநீதியை வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்றாக எண்ணுகிறது.

நீதியான கோபத்தையும் சுயநலக் கோபத்தையும் பிரித்துப் பார்க்க வழக்கமாகச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு: இது கர்த்தருக்காக வந்த கோபமா, எனக்காக வந்ததா? இந்தச் சோதனையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கேட்டால் எல்லாரும் கர்த்தருக்காக என்பார்கள். அதோடு, தன் சம்பளத்தை இழந்தவனுக்கு வரும் கோபம் அவனுக்காகத்தானே வரும்? அதைச் சுயநலம் என்று தள்ள முடியாது. யாத்திராகமம் 3:7இல், ஆளோட்டிகளால் அவர்கள் இடும் கூக்குரலைக் கேட்டேன் என்கிறார் தேவன். அந்தக் கூக்குரல் அவர்கள் தங்களுக்காகவே இட்டதுதான்.

கோபம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்ப்பது இதைவிட உதவும். வேதத்தில் நியாயமான கோபம் பெரும்பாலும் மேல்நோக்கிப் போகிறது: நாத்தான் தாவீது ராஜாவிடம் போகிறான், நெகேமியா பிரபுக்களிடம் போகிறான், இயேசு ஆலயத்தின் வியாபாரத்திடம் போகிறார். சுயநலக் கோபம் மலையில் பெய்த மழை மாதிரி, பள்ளம் பார்த்து இறங்கும். துரை கணக்கப்பிள்ளையை ஏசுவார், கணக்கப்பிள்ளை கங்காணியை, கங்காணி கொழுந்தெடுக்கும் பெண்ணை; அவள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து பிள்ளையின் முதுகில் ஒன்று வைப்பாள். பிள்ளைக்கும் ஒரு நாய் இருக்கும்.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே கோபம் ஒவ்வொரு படியாகக் காரியமாவது தெரிகிறது. பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் அடகு வைத்த சனம், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கிய சனம், பிள்ளைகளை அடிமைகளாக விட்ட சனம் முறையிடுகிறது. வாரத் தவணைக்காக வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெகேமியாவுக்கு மிகவும் கோபம் வருகிறது. உடனே பாயவில்லை, தன் மனதிலே ஆலோசனை பண்ணுகிறான். பிறகுதான் பிரபுக்களையும் அதிகாரிகளையும் கடிந்துகொண்டு பெரிய சபையைக் கூட்டுகிறான். அவன் கேட்பது மன்னிப்பு அல்ல. நிலம், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், வட்டியாக வாங்கிவந்த நூற்றுக்கு ஒன்றையும் விடுங்கள் என்று பொருள் பொருளாகச் சொல்கிறான். சரி என்றதும் அதோடு விடாமல் ஆசாரியரை அழைத்து ஆணையிட வைக்கிறான். 10ஆம் வசனம்தான் எனக்கு முக்கியம்: நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும் பணமும் தானியமும் கொடுத்திருக்கிறோம் என்று தன்னையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்கிறான். 12 வருடம் தேசாதிபதியாக இருந்தும் அதற்குரிய படியை வாங்கவும் இல்லை. கோபப்படுகிறவர் தன் பெயரையும் பட்டியலில் எழுதுகிறாரா என்று பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆலயத்தில் இயேசு மேசைகளைக் கவிழ்த்ததை, கை ஓங்குவதற்கு அனுமதிச் சீட்டாகக் காட்டுகிறவர்கள் மாற்கு 11:11ஐத் தாண்டிப் போகிறார்கள். முதல் நாள் சாயங்காலம் அவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெத்தானியாவுக்குப் போனார். கவிழ்த்தது மறுநாள். யோவான் 2ஆம் அதிகாரத்தில் புறா விற்கிறவர்களிடம், இவைகளை எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறார், கூண்டைத் திறந்துவிடவில்லை. புறாதான் ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களின் காணிக்கை.

மோசேயிடம் இரண்டு விதமும் உண்டு. பொற்கன்றுக்குட்டியைக் கண்டு கற்பலகைகளை உடைத்தவன், பிறகு அதே சனத்துக்காக, இவர்களை மன்னியாவிட்டால் உமது புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்று மன்றாடினான். எண்ணாகமம் 20இல் "கலகக்காரரே" என்று ஏசிக் கன்மலையை இரண்டுதரம் அடித்தான். தண்ணீர் வந்தது. ஆனாலும் கானானுக்குள் போக முடியவில்லை. காரியம் நடந்துவிட்டது, ஆகவே என் கோபம் சரி என்று சொல்கிறவர்களுக்கு இந்த அதிகாரம்.

இனிக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வருவோம். மழை நாள். பதினெட்டு கிலோ கேட்கிற தோட்டம். இருபது கிலோ எடுத்தவருக்குச் சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு நான்கு என்று கழித்தால் பதினைந்தில் நிற்பார், அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழிகள் 11:1 எழுதப்பட்டதே இந்த மாதிரி இடத்துக்குத்தான். இங்கே கோபம் வராவிட்டால்தான் ஏதோ கோளாறு. கேட்கும் விதத்தில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.

"ஐயா, நேத்தும் மழைதான். நேத்து தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சீங்க, இன்னைக்கு நாலு. எந்தக் கணக்குன்னு சொல்லுங்க. பின்னால நிக்கிற அக்காவுக்கும் இதேதானே கழிச்சிருக்கீங்க?"

நேற்றைய எண், இன்றைய எண், ஒரு கேள்வி, அடுத்தவளுடைய நட்டம். இவ்வளவு போதும். இதில் "ஒங்கப்பன் வீட்டுக் கொழுந்தா" என்று ஒரு வார்த்தை கூடிவிட்டால் மறுநாள் விசாரணை தராசைப் பற்றி நடக்காது, அவள் வாயைப் பற்றி நடக்கும். நியாயமான கோபம் அதிகமாகத் தோற்பது இந்த இடத்தில்தான்.

அன்று மாலையே ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும்: திகதி, கொழுந்தெடுத்த மலையின் இலக்கம், நிறுத்த கிலோ, கழித்த கிலோ, நிறுத்தவர் யார், பக்கத்தில் நின்றவர்கள் யார். மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். மத்தேயு 18:15-17 சபைச் சகோதரருக்குச் சொன்ன ஒழுங்கு என்றாலும் வரிசை இங்கேயும் பொருந்தும். முதலில் சம்பந்தப்பட்டவரிடம் தனியாக. கேட்காவிட்டால் இரண்டு மூன்று சாட்சிகளோடும் தோட்டத் தலைவரோடும். அதற்கும் அசையாவிட்டால் எழுத்தில் மேலாளருக்கு. பிறகு தொழில் அலுவலகத்துக்கு. எழுத்தில் கொடுக்கும்போது பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்காமல் வரக் கூடாது.

வீட்டுக்குள் வந்தால் பேச்சை மாற்ற வேண்டும். மனைவியை அடித்துவிட்டு, குடும்பத்தைக் கர்த்தருடைய ஒழுங்கில் வைக்கிறேன் என்று சொல்பவரின் கோபம் நீதியானதல்ல, விவாதத்துக்கே இடமில்லை. அடி வாங்கியவளிடம் எபேசியர் 4:26ஐச் சொல்லி, பொழுது சாயுமுன் சமாதானமாகிவிடு என்று அதே லயத்து அறைக்குத் திருப்பி அனுப்பும் போதகர் அந்த வசனத்தைத் தப்பான ஆளுக்கு வாசிக்கிறார். முதலில் அவளும் பிள்ளைகளும் வேறு வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாவமன்னிப்பு இதற்கெல்லாம் தடையாக நிற்பதில்லை.

சரியாக ஆரம்பித்த கோபம் கெட்டுப்போவதற்கு அப்சலோமைவிட நல்ல உதாரணம் கிடையாது. தங்கை தாமாரை, வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன் பலாத்காரம் செய்த கொடுமை. தகப்பன் தாவீது எரிச்சலானாரே தவிர ஒன்றும் செய்யவில்லை. அப்சலோம் நன்மையோ தீமையோ அம்னோனோடு பேசாமல் இரண்டு வருடம் வைத்திருந்தான். பிறகு ஆட்டு மயிர் கத்தரிப்பு விருந்தில் கொன்றான். இன்னும் சில வருடம் கழித்துப் பட்டணவாசலில் நின்று, வழக்கோடு வருகிறவர்களை முத்தஞ்செய்து, நான் நியாயாதிபதியானால் நலமாயிருக்குமே என்கிறான். தாமாரின் பெயரே அங்கே இல்லை. தேர்தல் காலத்தில் லயத்து வாசலுக்கு வரும் சிலரைப் பார்க்கும்போது 2 சாமுவேல் 15 ஞாபகம் வராமல் இருப்பதில்லை. யாருக்காகக் கோபப்பட்டோமோ அந்த ஆளின் பெயர் நம் பேச்சில் எப்போது கடைசியாக வந்தது என்று இடையிடையே பார்த்துக்கொள்வது நல்லது. இடைக்கால இறையியலாளர் அக்குவினா தோமையார் கோபக்காரரை மூன்றாகப் பிரிக்கும்போது, சட்டென்று பற்றுகிறவரோடு, நெடுநாள் உள்ளே வைத்திருப்பவரையும் தண்டிக்காமல் ஓயாதவரையும் சேர்க்கிறார். அப்சலோம் பின்னைய இரண்டிலும் வருகிறான்.

எரிச்சல் தணிவது வேறு, வழக்கு முடிவது வேறு. 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது, பொலிஸ் சூட்டில் இறந்த கோவிந்தனை ஆண்டுதோறும் நினைவுகூருவதைப் பழிவாங்குதல் என்று யாரும் சொல்ல முடியாது. "பழிவாங்குதல் எனக்குரியது" என்ற ரோமர் 12:19 முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லவில்லை. சங்கீதம் 4:4 சொல்கிறபடி இரவில் படுக்கையில் இருதயத்தோடு பேசி அமர்ந்திருக்கலாம்; ஏச வேண்டியதையெல்லாம் கர்த்தரிடமே ஏசிவிடலாம், சங்கீதக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். மேலாளரிடமிருந்து பதில் வரவில்லையென்றால் முதல் கடிதத்தின் பிரதியையும் இணைத்து இரண்டாவதை அனுப்ப வேண்டும். அதில் புதிய வசைச்சொல் எதுவும் வேண்டாம். புதிதாகச் சேர்க்க வேண்டியது, அந்த மாதக் கொப்பியின் பக்கங்களும் மற்றப் பெண்களின் கையொப்பங்களும்.