சனிக்கிழமை மிச்சிகனை ஜெயிப்போமா?

இந்த வாரம் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் ரசிகர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தாலே பேச்சு ஒரே இடத்துக்குத்தான் போகிறது. 2025 நவம்பர் 29, சனிக்கிழமை, மதியம் 12 மணி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஊரான ஆன் ஆர்பர். ஜெயிப்போமா, இல்லை இந்த வருடமும் மிச்சிகனிடம் தோற்றுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவோமா?

ஜெயிப்போம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் நண்பர் வட்டத்தில் பாதிப் பேர் சொல்கிற காரணத்துக்காக இல்லை. அவர்கள் காட்டுவது திறமைப் பட்டியலை. நம்மிடம் ரிசீவர் (எறிகிற பந்தைப் பிடிப்பவர்) ஜெரமையா ஸ்மித் இருக்கிறார், டிஃபென்ஸில் கேலப் டவுன்ஸ் இருக்கிறார், நாம் நம்பர் 1, 11 ஆட்டம் ஆடி 11 ஜெயித்திருக்கிறோம், சூதாட்டக்காரர்களே நாம் பத்துப் புள்ளி வாக்கில் வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று கணக்குக் கொடுக்கிறார்கள், அப்புறம் என்ன பயம் என்கிறார்கள். போன வருடமும் இதே பேச்சுதான். போன வருடம் நமக்கு 20 புள்ளி வாக்கில் கொடுத்திருந்தார்கள், ஆட்டம் நம் ஊரான கொலம்பஸில், மிச்சிகன் தரவரிசையிலேயே இல்லை, அவர்களுடைய சிறந்த கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) வில் ஜான்சனும் டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) கோல்ஸ்டன் லவ்லாந்தும் காயத்தில் வெளியே. அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர், மொத்த ஆட்டத்திலும் எறிந்து எடுத்தது 62 யார்டு. அப்படியும் 13–10 என்று தோற்றோம். இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, இரண்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) தவறிப் போனது, 45 விநாடி மிச்சமிருக்கும்போது டொமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்து முடித்துவிட்டார். திறமைப் பட்டியல் எதுவும் அன்றைக்கு உதவவில்லை.

நான் பார்ப்பது வேறு கணக்கு. இந்த ஆட்டத்தில் யார் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிக யார்டு ஓடுகிறார்களோ அவர்கள் ஜெயிக்கிறார்கள். கடைசி நாலு வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் அவர்கள் ஓடியது 297 யார்டு, நாம் 64, ஆட்டம் 42–27. 2022இல் அவர்கள் 252, நாம் 143, ஆட்டம் 45–23, அதுவும் கொலம்பஸில். 2023இல் 156க்கு 107, 30–24. போன வருடம் 172க்கு 77. கடைசியாக நாம் ஜெயித்த 2019இல் ஜே.கே. டாபின்ஸ் ஒருவரே 211 யார்டு ஓடி நாலு டச்டவுன் (பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி எடுப்பது) போட்டார், 56–27 என்று அவர்கள் மைதானத்திலேயே அடித்தோம். நவம்பர் கடைசியில், குளிரில், கை விறைக்கும்போது பந்தை எறிவதைவிட இடித்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கே ஆட்டம் சாய்கிறது. ரிசீவர்கள் பக்கம் நாம் எப்போதும் பணக்காரர்கள், ஆனால் நாலு வருடமாக லைனில், அதாவது முன்வரிசையில், நடந்த சண்டையில் தோற்றோம்.

அதனால் சனிக்கிழமை நான் முதலில் கவனிக்கப்போவது நம் குவார்ட்டர்பேக் ஜூலியன் சயினையோ ஸ்மித்தையோ இல்லை. முதல் கால்மணி ஆட்டத்தில் போ ஜாக்சன் ஒவ்வொரு தடவையும் எத்தனை யார்டு எடுக்கிறார் என்பதைத்தான். முதல் வருடப் பையன், கிளீவ்லாந்துக்காரர், சீசன் ஆரம்பத்தில் வரிசையில் பின்னால் இருந்தவர், இப்போது முதல் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) அவர்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நாலு ஐந்து யார்டு வந்தால் போதும், சயினுக்கு வேலை எளிதாகிவிடும். சயின் இந்த வருடம் எறிந்த பந்துகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அவருக்கு இது முதல் மிச்சிகன் ஆட்டம். தேர்ட் டவுனில் (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கிற நாலு முயற்சியில் மூன்றாவதில்) ஒன்பது யார்டு வேண்டும், ஒரு லட்சம் பேர் கத்துகிறார்கள், டெரிக் மூர் ஓரத்திலிருந்து பாய்ந்து வருகிறார் என்ற நிலைமைக்கு அந்தப் பையனைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

அதற்காகப் பிடிவாதமாக நடுவிலேயே ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. போன வருடம் செய்தது அதைத்தான். மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகள் நடுவில் நிற்க, அவர்கள் மேலேயே போய் முட்டிக்கொண்டிருந்தோம். வெளியே ஸ்மித்தும் எமேக்கா எக்பூகாவும் சும்மா நின்றார்கள். மிச்சிகனை விட முரட்டுத்தனமானவர்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்ற வெறி கோச்சுக்கே வந்துவிட்டதோ என்று தோன்றியது, அது பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அந்த இரண்டு பேரும் இப்போது தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார்கள். திட்டம் போடுவதும் இப்போது பிரையன் ஹார்ட்லைன். ஓரமாக ஓடலாம், டைட் எண்ட் மேக்ஸ் கிளேருக்குச் சின்னச் சின்னதாக எறியலாம், டிஃபென்ஸைப் பரத்திவிட்டு அப்புறம் நடுவில் ஓடலாம். ஓட்டத்துக்கு வழி உண்டாக்கத்தான் பாஸ், இதை மட்டும் சனிக்கிழமை மறக்காமல் இருந்தால் போதும்.

ஸ்மித்தும் இன்னொரு ரிசீவர் கார்னெல் டேட்டும் ஆடுவார்களா என்பது பெரிய கேள்வி. 42–9 என்று ஜெயித்த ரட்கர்ஸ் ஆட்டத்தில் இரண்டு பேரும் இறங்கவில்லை. காயமா, இல்லை இந்த ஆட்டத்துக்காகப் பத்திரப்படுத்தினார்களா என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இரண்டுமே இருக்கலாம். இரண்டு பேரும் முழு உடம்போடு வந்தால் மிச்சிகனால் ஓட்டத்தைத் தடுக்க எட்டுப் பேரை முன்னால் நிறுத்த முடியாது, ஓட்டத்துக்கும் அதுதான் உதவி.

சரி, இனி என் நம்பிக்கைக்கு உண்மையான காரணம். நம் டிஃபென்ஸ். 11 ஆட்டங்களில் மொத்தமாகக் கொடுத்தது 84 புள்ளி, அதாவது ஆட்டத்துக்கு எட்டுகூட இல்லை. ஒரு ஆட்டத்திலாவது 20 கொடுத்தார்களா என்றால் இல்லை, அதிகபட்சமே இல்லினாய் எடுத்த 16தான். போன வருட டிஃபென்ஸில் ஆடிய எட்டுப் பேர் போய்விட்டார்கள், டிஃபென்ஸ் கோச்சான கோஆர்டினேட்டர் ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார், அவர் இடத்துக்கு மேட் பட்ரீசியா வந்தபோது முகம் சுளித்தவர்கள் ஏராளம். அந்த மனிதர் முதல் ஆட்டத்திலேயே டெக்சஸை 7 புள்ளியில் நிறுத்தினார். ஒரு யார்டு தூரத்தில், ஃபோர்த் டவுனில், அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங்கை உள்ளே விடாமல் தள்ளி நிறுத்தினார்களே, அந்த ஒரு காட்சிக்காகவே இந்தக் கூட்டத்தை எனக்குப் பிடித்துப்போனது. நடுவில் கேடன் மெக்டானல்ட், பின்னால் ஆர்வெல் ரீஸும் சானி ஸ்டைல்ஸும், அதற்கும் பின்னால் எல்லாவற்றையும் படித்துவிட்டு நிற்கிற டவுன்ஸ்.

2022இல் மிச்சிகனின் டொனோவன் எட்வர்ட்ஸ் 75 யார்டு ஒன்று, 85 யார்டு ஒன்று என்று இரண்டு டச்டவுன் ஓடினாரே, அதை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு ஆள் தப்பாகக் கால் வைத்ததும் பின்னால் யாருமே இல்லை. இந்த வருடம் அப்படி ஓட்டம் ஓடியவர்களை நான் பார்க்கவில்லை. முதல் கையில் தப்பினாலும் டவுன்ஸ் வந்து விழுத்துகிறார்.

மிச்சிகன் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். 9–2 (ஒன்பது வெற்றி, இரண்டு தோல்வி) என்பது மோசமான சீசன் இல்லை. தோற்ற இரண்டுமே வெளியூரில், ஓக்லஹோமாவிடம் 24–13, யுஎஸ்சியிடம் 31–13. சொந்த மைதானத்தில் இன்னும் தோற்கவில்லை. பிரைஸ் அண்டர்வுட் வருகிற வருடங்களில் நமக்குப் பெரிய தலைவலியாக இருக்கப்போகிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இன்றைக்கு அவர் முதல் வருடக் குவார்ட்டர்பேக், இப்படி ஒரு டிஃபென்ஸை இதுவரை சந்தித்ததில்லை. அவர்களுடைய முதல் ரன்னிங் பேக் ஜஸ்டிஸ் ஹேன்ஸுக்குக் காலில் காயம், சீசன் முடிந்துவிட்டது. ஜோர்டன் மார்ஷல் தோள் காயத்தோடு மேரிலாந்து ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி வந்தாலும் அந்தத் தோளில் ஸ்டைல்ஸும் ரீஸும் நாலு கால்மணி ஆட்டமும் இடிப்பார்கள். பர்டியூவை 21–16, நார்த்வெஸ்டர்னை கடைசி விநாடி உதையில் 24–22 என்று தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தார்கள். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னால் எதிரில் இருக்கிற மிச்சிகன் நண்பர் சிரித்துக்கொண்டே, போன வருடம் எங்களிடம் என்ன இருந்தது என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பயப்படுகிற கூட்டத்தையும் எனக்குப் புரிகிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது, அவர்கள் நிலைமை அதுதான். அதில் வயதில் மூத்தவர் ஒருவர் 1969ஐ எடுத்துப் போட்டார். அந்த வருடமும் ஒஹாயோ ஸ்டேட் நடப்புச் சாம்பியன், நம்பர் 1, தொடர்ந்து 22 வெற்றி, கோச் வுடி ஹேய்ஸின் மிகச் சிறந்த அணி என்று ஊரே கொண்டாடியது. ஆன் ஆர்பருக்குப் போனார்கள், மிச்சிகனுக்கு அந்த வருடம்தான் புதிதாக வந்த கோச் போ ஷெம்பெக்லரிடம் 24–12 என்று தோற்றுத் திரும்பினார்கள். இப்போதும் நாம் நடப்புச் சாம்பியன், நம்பர் 1, தொடர்ந்து 15 வெற்றி, போவது அதே ஆன் ஆர்பர். அவர் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பனி வேறு வரலாம் என்கிறார்கள். வந்தால் யாருக்கு லாபம் என்று ஒரு தனிச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. 1950இல் கொலம்பஸில் பனிப்புயலில் ஆடிய ஆட்டத்தில் மிச்சிகன் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (பத்து யார்டு முன்னேறிப் புது முயற்சிகள் பெறுவது) எடுக்காமல் 9–3 என்று ஜெயித்தது. அந்த அளவுக்குக் கொட்டினால் எந்தக் கணக்கும் நிற்காது. சாதாரணமாகத் தூவினால் நல்ல டிஃபென்ஸ் வைத்திருப்பவருக்கு நல்லது, அது நாம்தான்.

எனக்குக் கோபம் வருகிற வாதம் ஒன்று உண்டு. தோற்றால்தான் என்ன, தேசியக் கோப்பைக்கான 12 அணி பிளேஆஃபில் இடம் எப்படியும் உறுதி, போன வருடம் மிச்சிகனிடம் தோற்ற பிறகுதானே டென்னசி, ஒரிகன், டெக்சஸ், நோட்ர டேம் என்று நாலு பேரையும் அடித்துக் கோப்பையைத் தூக்கினோம் என்கிறார்கள். தூக்கினோம்தான். ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34–23 என்று முடித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் இந்த ஆட்டத்துக்கு அது பதில் ஆகாது. 1934இலிருந்து மிச்சிகனை ஜெயித்த ஒவ்வொரு அணிக்கும் ஒரு சின்னஞ்சிறு தங்கக் கால்சட்டைப் பதக்கம் கொடுக்கிறார்கள், இவர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தானே கால்சட்டை மாட்டுகிறார்கள் என்று கோச் பிரான்சிஸ் ஷ்மிட் சொன்னதிலிருந்து வந்த வழக்கம். ஜாக் சாயர், ஜே.டி. துயிமொலோவா, ட்ரெவியன் ஹெண்டர்சன், எக்பூகா, இவர்கள் நாலு வருடம் உழைத்து தேசியக் கோப்பையை வாங்கிவிட்டு, அந்தச் சின்னப் பதக்கம் ஒன்றுகூட இல்லாமல் வெளியே போனார்கள். சாயர் கொலம்பஸ் பக்கத்திலேயே வளர்ந்தவர். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டைல்ஸும் பக்கத்து பிக்கரிங்டன்காரர்தான், மூன்று தடவை தோற்றுவிட்டார், அவருக்கு இது கடைசி வாய்ப்பு. இவர்களிடம் போய் பரவாயில்லை, பிளேஆஃப் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நம் கோச் ரயன் டேக்கும் அப்படித்தான். இவ்வளவு வருடத்தில் பிக் டென் (நாம் ஆடுகிற லீக்) ஆட்டங்களில் அவர் தோற்றது ஐந்தே ஐந்து, அதில் நாலு மிச்சிகனிடம், மற்றது போன வருடம் ஒரிகனிடம் ஒரே ஒரு புள்ளியில். முந்தைய கோச்சுகளில் ஜிம் டிரெஸ்ஸல் மிச்சிகனை ஒன்பது தடவை ஜெயித்தார், அர்பன் மேயர் ஏழுக்கு ஏழு. டே 1–4. கோப்பை வாங்கிய பிறகும் அந்த எண்ணை வைத்துத்தான் அவரை அளக்கிறார்கள், கொலம்பஸில் அளக்கத்தான் செய்வார்கள். அந்த மனிதருக்காகவும் நான் இதை ஜெயிக்க ஆசைப்படுகிறேன். ஆனால் அவர் சனிக்கிழமை தன்மானத்துக்காக ஆடக் கூடாது, சாதாரணமாக ஆட வேண்டும். ஃபோர்த் டவுனில் ஒரு யார்டு வேண்டுமென்றால் தைரியமாகப் போகட்டும், ஐம்பது யார்டு உதைக்கெல்லாம் ஆசைப்பட வேண்டாம்.

முதல் பாதி நெருக்கமாகத்தான் போகும். 10–6 என்று இருந்தால்கூட யாரும் பதற வேண்டாம். மூன்றாம் கால்மணி ஆட்டத்தில் நம் லைன் மெல்ல மெல்ல அவர்களைத் தள்ள ஆரம்பிக்கும், அண்டர்வுட் அவசரப்பட்டு ஒன்றை டவுன்ஸ் கையில் கொடுப்பார், ஜாக்சன் நூறைத் தாண்டுவார். என் கணக்கு 24–13, ஒஹாயோ ஸ்டேட். உங்கள் கணக்கை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், முடிந்த பிறகு சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.