யாரும் பார்க்காமல் ஓடும் டிவி

சின்னக் குழந்தை எவ்வளவு நேரம் டிவி பார்க்கலாம் என்ற கேள்விக்குப் பதில் சின்னதுதான். இரண்டு வயது முடியும்வரை வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்துவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

இந்தக் கணக்கில் பலரும் சேர்க்காத ஒன்று, பெரியவர்களுக்காக ஓடும் சீரியலும் செய்தியும். தரையில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருக்கும் குழந்தையைக் கவனியுங்கள். திடீரென்று இசை மாறும், குழந்தை நிமிர்ந்து பார்க்கும். சில நொடிதான். அதற்குள் அடுக்கிய கோபுரம் மறந்துபோய், கை வேறொன்றுக்குத் தாவியிருக்கும். டிவி ஓடும்போது பெரியவர்களும் குழந்தையிடம் குறைவாகவே பேசுகிறார்கள். குழந்தை பேச்சு பழகுவதோ அந்தப் பேச்சிலிருந்துதான். கார்ட்டூனைவிட இதைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன்.

'டிவி பார்த்துத்தானே ஏ பி சி டி கற்றுக்கொண்டான்' என்பார்கள். பக்கத்து அறையில் பொம்மையை ஒளித்துவைப்பதை ஜன்னல் வழியாகக் காட்டினால் இரண்டு வயதுக் குழந்தை நேரே போய் எடுத்துவிடும். அதையே திரையில் காட்டினால் பெரும்பாலும் தடுமாறும். பக்கத்தில் உட்கார்ந்து 'நம்ம வீட்லயும் மாடு இருக்கா?' என்று கேட்க ஓர் ஆள் இருந்தால்தான் பார்த்தது கொஞ்சமாவது ஒட்டும்.

சோறு ஊட்ட டிவி போடும் பழக்கத்தில் குழந்தை மெல்லாமல் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கும், வயிறு நிறைந்ததும் தெரியாது. மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றப் போனால் யுத்தம்தான். காலை வேளையில் தொடங்குங்கள். இட்லியைப் பிய்த்துத் தட்டில் வைத்து அதுவே எடுத்துச் சாப்பிட விடுங்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடலாம்.

அணைக்கும்போது வரும் அழுகைக்குப் பாதிக் காரணம் யூடியூப். ஒரு மணி நேரத் தொகுப்புப் பாட்டுகளுக்கு முடிவே கிடையாது. செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு, தனித்தனிச் சின்னப் பாட்டாகப் போடுங்கள். 'ரெண்டு பாட்டு, அப்புறம் நீயே ஆஃப் பண்ணு' என்று போடும் முன்பே சொல்லிவிடுங்கள். பாட்டு முடிந்ததும் ரிமோட் குழந்தை கைக்குப் போகட்டும். நடுப்பாட்டில் பிடுங்கினால் அலறத்தான் செய்யும்.

பிறகு அந்த ரிமோட்டை டிவிக்கு மேலேயோ ஸ்டாண்டின் உச்சியிலோ வைக்காதீர்கள். அதை எடுக்கத்தான் குழந்தை இழுப்பறைகளில் கால் வைத்து ஏறும், டிவியோடு சேர்ந்து சாயும். சுவரில் மாட்ட வசதி இல்லையென்றால் பின்பக்கம் பட்டை போட்டுச் சுவரோடு இறுக்கிக் கட்டுங்கள்.