பலூன் விட யாரிடம் கேட்க வேண்டும்?

ஹைதராபாத்தில் ஆய்வுப் பலூன் விடும் குழு ஒன்றில் வேலை பார்க்கிறேன். பாலித்தீன் படலத்தில் செய்து ஹைட்ரஜன் நிரப்பிய பலூன்கள்; முப்பது கிலோமீட்டருக்கு மேலே போகும். பறக்கவிடுவதைவிட அதற்கு முந்தைய கடித வேலைதான் அதிகம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை சரி என்று சொல்லாமல் ஒன்றும் நகராது. கருவிகள் பாராசூட்டில் யார் வயலில் இறங்கும் என்பது தெரியாது. அதனால் சுற்று மாவட்டங்களுக்குப் பத்திரிகையில் முன்கூட்டியே அறிவிப்பு போகும். பெட்டிமேல் தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் எழுதி ஒட்டுவோம்: தொடாதீர்கள், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லுங்கள்.

இந்த வேலையில் இருப்பதால், 2021-ல் ஸ்வீடனின் கிருனாவில் ஒரு பலூன் சோதனை ரத்தானதை நாங்கள் நாள்கணக்கில் பேசினோம். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்து, கந்தகத் துகள்கள் மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்குமண்டலத்தில் பரவி, வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியதால் உலகமே சுமார் அரை டிகிரி குளிர்ந்தது. அதையே மனிதன் செய்தால் என்ன என்பதுதான் சூரியப் புவிப்பொறியியல். ஹார்வர்ட் ஆய்வாளர்களின் ஸ்கோபெக்ஸ் திட்டம், இருபது கிலோமீட்டர் உயரத்தில் அதிகபட்சம் 2 கிலோ கால்சியம் கார்பனேட்டைத் தூவிப் பார்க்க நினைத்தது. கிருனாவில் முதலில் அதுகூட இல்லை, வெறும் கருவிச் சோதனை. ஆனால் அங்கே கலைமான் மேய்த்து வாழும் ‘சாமி’ (Sámi) என்ற பழங்குடி மக்களின் பேரவை, எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்று எழுத்தில் எதிர்த்தது. மார்ச்சில் சோதனை ரத்தானது. 2024-ல் திட்டமே கைவிடப்பட்டது.

"ரெண்டு கிலோ சுண்ணாம்புத் தூளுக்கா இத்தனை கலாட்டா?" என்றார் உடன் வேலை செய்பவர். தூளின் எடையைப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். ஆனால் சாமி மக்கள் எடையைப் பற்றிப் பேசவில்லை. இந்தப் பாதையில் போகலாம் என்று யார் முடிவெடுத்தார்கள் என்பதே அவர்கள் கேள்வி. ஒரு பெட்டி விழக்கூடிய வயல்காரருக்கு நாங்கள் தகவல் சொல்கிறோமே, வானத்தையே மாற்றும் யோசனைக்கு அதற்குக் குறைவாகவா கேட்பது?

கேட்காமலே செய்தவர்களும் உண்டு. 2022-ல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் ஒரு அமெரிக்க நிறுவனம் கந்தக டை ஆக்சைடு நிரப்பிய பலூன்களைப் பறக்கவிட்டது. 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு, இத்தகைய சோதனைகளைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது.

நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. துகள்களை எந்த அரைக்கோளத்தில் தூவுகிறோம் என்பதைப் பொறுத்து வெப்பமண்டல மழைப்பட்டை நகரும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. வடக்கில் மட்டும் தூவினால் ஆப்பிரிக்காவின் சஹேலில் வறட்சி வரலாம். நம் பருவமழையும் குறையலாம். அப்புறம், பாதியில் நிறுத்துவதும் ஆபத்து. துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் இறங்கிவிடும். சேர்ந்துகொண்டே போன கரியமில வாயு அப்படியே இருக்கும். அடக்கி வைத்த வெப்பம் வேகமாக ஏறும். அப்படியென்றால் பல பத்தாண்டுகளுக்கு, எத்தனை ஆட்சி மாறினாலும், யாரோ ஒருவர் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க இன்று எந்த அமைப்பும் இல்லை.

2010-ல் நகோயாவில் பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் புவிப்பொறியியல் பற்றி எச்சரிக்கையான ஒரு முடிவெடுத்தன. அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது, அமெரிக்கா அதில் உறுப்பினரே இல்லை. 2019-லும் 2024-லும் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் மன்றத்தில் ஸ்விட்சர்லாந்து இது பற்றித் தீர்மானம் கொண்டுவந்தது. இரண்டு முறையும் உடன்பாடு எட்டவில்லை. பயன்படுத்தவே கூடாது என்ற ஆப்பிரிக்க நாடுகளின் குரல் 2024-ல் ஓங்கி ஒலித்தது. என்னைக் கேட்டால், கணினியில் நடக்கும் ஆய்வு தொடரட்டும், முடிவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். வெளியில் ஒரு கிராம் தூவுவதற்கும் பல நாடுகள் சேர்ந்து தரும் முன் அனுமதி வேண்டும். அதன் விதிகளை எழுதும்போதே, பருவமழையை நம்பி நாற்று நடும் நாடுகளும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.