கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்ட ஜே. பி. மார்கன்

நியூயார்க் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வால் ஸ்ட்ரீட் பக்கம் இருக்கும் வெண்கலக் காளையோடு படம் எடுக்க வரிசையில் நிற்காதீர்கள். அந்த நேரத்தில் மேடிசன் அவென்யூவும் 36ஆவது தெருவும் சந்திக்கிற இடத்துக்குப் போய், மார்கன் நூலகத்தைப் பாருங்கள். ஜே. பி. மார்கன் என்ற வங்கியாளர் தன் புத்தகங்களுக்காகக் கட்டிய மாளிகை அது. பார்த்த சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

கட்டணம் 25 டாலர். ரூபாயில் பெருக்கினால் வயிறு கலங்கும். வெள்ளிக்கிழமை மாலை இலவசம். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நான் அப்படித்தான் போனேன். காரணம், விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்த ஓட்டுநர். ஏறும்போது 70 டாலர் என்றவர், இறங்கும்போது சுங்கம், பெட்டி, நெரிசல் என்று அடுக்கி 110 கேட்டார். பெட்டி அவர் டிக்கியில், நான் தெருவில். கொடுக்காமல் என்ன செய்வது? இது பட்டப்பகல் கொள்ளை. பெட்டி கனமில்லை என்றால் ஏர்டிரெய்ன், சப்வே என்று மாறி வந்துவிடுங்கள்.

சரி, நூலகம். 1906இல் கட்டி முடித்தது. கிழக்கு அறைக்குள் கால் வைத்ததும் தலை தானாக மேலே போய்விடுகிறது. மூன்று அடுக்கு வால்நட் மர அலமாரிகள், ஆனால் மேலே ஏறப் படியே கண்ணில் படவில்லை. மூலையில் இருக்கும் அலமாரிதான் கதவாம். அதன் பின்னால் சுருள் படிக்கட்டு ஒளிந்திருக்கிறது! ஐரோப்பாவில் அச்சு எழுத்துகளைக் கோத்து அச்சடித்த முதல் பெரிய புத்தகம் குட்டன்பர்க் பைபிள். அதில் ஒன்று கிடைத்தாலே பெரிய நூலகங்கள் கொண்டாடும். இங்கே மூன்று இருக்கின்றன. கணப்புக்கு மேலே நூலால் நெய்த பெரிய சித்திரத் திரைச்சீலை. அதன் தலைப்பு 'பேராசையின் வெற்றி'. ஒரு வங்கியாளர் இதை விலைக்கு வாங்கி, தினமும் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறார். அதன் கீழே ரொம்ப நேரம் நின்றேன்.

என்னை உலுக்கியது 1907 நவம்பரில் ஓர் இரவு இந்த அறைகளில் நடந்த கூத்து. அக்டோபரில் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் விழுந்திருந்தது. வங்கி மாதிரியே மக்களிடம் டெபாசிட் வாங்கும் டிரஸ்ட் கம்பெனிகளில் அதுவும் ஒன்று. பணத்தை எடுக்க மக்கள் தெருவில் வரிசை கட்டினார்கள். மார்கனுக்கு அப்போது 70 வயது. நகரத்தின் வங்கித் தலைவர்களை ஓர் அறையிலும் டிரஸ்ட் கம்பெனித் தலைவர்களை இன்னோர் அறையிலும் உட்கார வைத்துவிட்டு, அவர் தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். வெளியே போக நினைத்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. சாவி மார்கனின் பையில்! தள்ளாடிய நிறுவனங்களைத் தாங்க 2.5 கோடி டாலர் தருகிறோம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விட்டார். அப்போது விடிகாலை ஐந்து மணியை நெருங்கிவிட்டது.

நம் ரிசர்வ் வங்கி மாதிரி ஒரு மத்திய வங்கி அமெரிக்காவுக்கு அன்று கிடையாது. கடைசியாக இருந்ததன் சாசனம் 1836இல் முடிந்தது. அடுத்த வருடம் இவர் பிறந்தார். அந்தக் காலியிடத்தில்தான் இவர் வந்து உட்கார்ந்தார். 1895இல் அரசாங்கத்தின் தங்கக் கையிருப்பு கரைந்தபோது கைகொடுத்ததும் இவர்தான். 1901இல் எஃகு முதலாளி கார்னகியின் ஆலைகளை 48 கோடி டாலருக்கு வாங்கி, யு.எஸ். ஸ்டீலை உருவாக்கினார். உலகின் முதல் நூறு கோடி டாலர் கம்பெனி அது. அங்கே ஆட்கள் தினம் 12 மணி நேரம் நெருப்பில் வெந்தார்கள். இதை மறந்துவிட்டு இந்த அறையை ரசிக்கச் சொன்னால் என்னால் முடியாது. அதே சமயம், அன்று அவர் கதவைப் பூட்டாமல் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்களின் சேமிப்பு போயிருக்கும் என்ற நினைப்பும் விடவில்லை. ஒரு நாட்டின் கதி ஒரு கிழவரின் சட்டைப் பையில் இருக்கக் கூடாது. அதைத்தான் அமெரிக்காவும் கடைசியில் புரிந்துகொண்டது. 1913 மார்ச்சில் அவர் ரோமில் இறந்தார். அதே வருடம் டிசம்பரில், மத்திய வங்கியை உருவாக்கிய ஃபெடரல் ரிசர்வ் சட்டம் வந்தது.

பெல் டா கோஸ்டா கிரீன் பெயரைத் தேடிப் பாருங்கள். மார்கனின் நூலகர். கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, வெள்ளையராகவே வாழ்ந்து, 1924இல் இந்த நூலகம் பொது நிறுவனமானபோது முதல் இயக்குநரானவர். என்னைக் கேட்டால் மார்கன் செய்த உருப்படியான முதலீடு அவர்தான்.

வெளியே வந்ததும் பசி. தெருமுனை ஹலால் வண்டியில் கோழியும் மஞ்சள் சோறும் வாங்கினேன். கல்லில் கொத்திக் கொத்திக் கருகின ஓரத்தோடு போட்டார், மேலே வெள்ளை சாஸ். அடடா! ஒரு தட்டை இரண்டு பேர் சாப்பிடலாம். அந்த ஊரில் கொடுத்த காசுக்கு நிறைவாகக் கிடைத்த சாப்பாடு அது ஒன்றுதான்.

நேரமிருந்தால் வால் ஸ்ட்ரீட் 23ஆம் எண் கட்டடத்தையும் பாருங்கள். மார்கன் கம்பெனியின் பழைய தலைமையகம். 1920 செப்டம்பர் 16 நடுப்பகலில் குதிரை வண்டியில் வந்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குற்றவாளிகள் பிடிபடவே இல்லை. சுவரில் விழுந்த குழிகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். வால் ஸ்ட்ரீட் பக்கத்துச் சுவரில் பாருங்கள், விரல் விட்டே பார்க்கலாம். காசு கிடையாது.