பாக்கெட்டில் காந்தத்தோடு கஞ்சமலைக்கு

சேலத்துக்காரனுக்கு மலை என்றால் ஏற்காடுதான். ஊருக்கு மேற்கே படுத்திருக்கும் கஞ்சமலையை நானே இத்தனை வருஷம் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். போன மாதம், ஓட்டை ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இளம்பிள்ளை பஸ் ஏறினேன்.

சித்தர்கோவிலில் இறங்கினேன். அமாவாசையில் கால் வைக்க இடம் இருக்காது. நான் போனது செவ்வாய்க்கிழமை. உப்பு மிளகு விற்கும் அம்மாவும் நாலைந்து குரங்குகளும்தான். "போட்டுட்டுப் போ தம்பி, மரு கிரு இருந்தா உதிந்துரும்." எனக்கு மரு இல்லை. சரி, இருக்கட்டும் என்று வாங்கினேன். கோயில் தீர்த்தக் குளத்தின் பெயரே காந்த தீர்த்தம்!

இங்கே சொல்லும் கதை எனக்குப் பிடிக்கும். சித்தரின் வயதான சீடர் கையில் கிடைத்த குச்சியால் சோற்றைக் கிளறினாராம். சோறு கறுத்துப்போனது. பயந்துபோய் அவரே அதைத் தின்றுவிட, இளைஞனாகிவிட்டார். தப்பை மறைக்கத் தின்றவருக்கு இளமை!

கோயிலைத் தாண்டி ஏறும் பாதையோரம், மழைநீர் அரித்த மணலில் காந்தத்தை வைத்தேன். கறுப்பு மீசை முளைத்தது. மேக்னடைட், இரும்புத்தாது. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் உலை போட்டபோது சேலத்துத் தாதுவைத்தான் நம்பினார். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலையும் இந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே உருளுவது எவர்சில்வர் தகடு; கஞ்சமலைக் கல் அதில் இல்லை. வாசலில் நெல் குவிந்திருக்க, கடையில் அரிசி வாங்குகிற வீடு மாதிரி. மலை தப்பித்தது என்பதில் எனக்கு வருத்தமில்லை.

உச்சியில் கரியபெருமாள் கோயில். புரட்டாசி சனிக்கிழமைகளில் கிழவிகள்கூட ஏறுகிறார்கள். நான் பாதியில் திரும்பினேன். முட்டி வலி, வேறென்ன.

இளம்பிள்ளையில் இரும்புப் பேச்சே இல்லை. தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம், கடை வாசலில் சேலைக் கட்டு. சத்தத்துக்கு மேல் கத்தித்தான் வழி கேட்க வேண்டும். அப்புறம் சேலம் திரும்பி ஒரு தட்டுவடை செட்: இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும். காரச் சட்னி கண்ணில் நீர் வரவழைத்தது.

மறுநாள் பேன்ட் துவைக்கப் போன அம்மா, பாக்கெட்டில் கைவிட்டு, "என்னடா இது, கரிப்பூனையா?" என்று காந்தத்தைத் தூக்கிக் காட்டினார்.