கிடாவுக்கு வயிறா, குதிரா?

புளியரைப் பக்கம் விடாத மழை, ஆடுகளை மேய்க்க விடவில்லை, கொட்டிலிலேயே பலாக்குழை கட்டினேன். முடிச்சுப் போடுவதற்குள் கிடா முன்னங்காலைத் தூக்கிவிட்டது, பெட்டையோ ஒவ்வோர் இலையாக மோந்து காம்பை விட்டுவிட்டுத் தின்கிறது. "வயிறா அது, குதிரா?" என்றாள் ஆச்சி.

பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோனை 1999இல் ஜப்பான்காரர்கள் எலி இரைப்பையில்தான் கண்டுபிடித்தார்கள், அதைச் சுரக்க அங்கே தனி செல்களே உண்டு. அதையே ஊசியில் ஏற்றினால் ஆண் எலி கூடுதலாகத் தின்கிறது, பெண் எலி அவ்வளவு மசிவதில்லை, ஆனால் சினைப்பையை எடுத்துவிட்டால் அதுவும் ஆண் மாதிரியே தின்கிறது, சினைப்பையில் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அடங்கிவிடுகிறது!

சரி, எலிக் கணக்கை நாலு அறை வயிறுள்ள ஆட்டுக்கு அப்படியே போட முடியாதுதான். ஆச்சியிடம் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், முதலில் கிடாவைத் தள்ளிக் கட்டுலே."